காக்கா உட்கார்ந்து முயல் செத்த கடை

போன ஆனி மாதம் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை ராத்திரி, செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர் பார்டரில் ஒரு புரோட்டாக் கடையில் ஐந்து பேர் சாப்பிட்டோம். நான், என் வீட்டுக்காரர், பையன், சித்தப்பா, சித்தி. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். கடை பெயரைச் சொல்லவில்லை. பில்லில் ஒரு காடை கூடுதலாகப் பறந்து வந்து உட்கார்ந்த கதையும் கீழே வருகிறது. அது கைத்தவறாக நடந்தது என்றே நம்புகிறேன். அதற்காக ஒருத்தர் பிழைப்பில் மண் போட வேண்டாம்.

முதலில் வழி. ‘பார்டர் புரோட்டா’ என்று கேள்விப்பட்டு வரும் வெளியூர்க்காரர்கள் நேரே கேரளா செக்போஸ்ட் வரைக்கும் போய்த் தேடுகிறார்கள். இன்றைய எல்லை செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, மலையில் கோட்டைவாசல் பக்கம் இருக்கிறது. பிரானூரோ செங்கோட்டைக்கு இந்தப் பக்கம், தென்காசியிலிருந்து வரும் வழியிலேயே வந்துவிடும். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்தில் இருந்தது. அப்போது எல்லை பிரானூரில். பிறகு செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் எல்லை மலையேறிவிட்டது, ‘பார்டர்’ என்ற பேர் மட்டும் கிளம்ப மனசில்லாமல் மர அறுவை மில்களுக்கு நடுவிலேயே தங்கிவிட்டது. என் ஆச்சி கடைசி வரைக்கும் சில்லறையைப் பழைய திருவிதாங்கூர்க் காசான சக்கரக் கணக்கில்தான் சொல்வாள். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம்.

அந்த ஆச்சியின் மகன்தான் சித்தப்பா. புனலூரில் ஒரு மரக்கடையில் முப்பது வருஷம் கணக்குப்பிள்ளை. திங்கட்கிழமை காலையில் மீட்டர்கேஜ் ரயிலில் போனால் சனிக்கிழமை ராத்திரி அதே ரயிலில் திரும்புவார். பகவதிபுரம், ஆரியங்காவு, கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலம், தென்மலை, எடமண் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக்கொண்டே போகும் அந்த வண்டியில், பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். எல்லாரும் எல்லாரோடும் பேசுவார்கள். 2010இல் அகலப்பாதை வேலைக்காக அந்த ரயிலை நிறுத்தினார்கள். 2018இல் புது வண்டி ஓடத் தொடங்கியபோது சித்தப்பா வேலையை விட்டிருந்தார். ஆனால் அந்த வண்டியில் காதில் விழுந்த பழமொழிகள் எல்லாம் இன்னும் அவரிடம் இருக்கின்றன. என்ன ஒன்று, குலுக்கலில் தலை ஒரு பெட்டியிலும் வால் இன்னொரு பெட்டியிலும் மாட்டிக்கொண்டன.

ஒரு பழமொழியின் முன்பாதி, இன்னொன்றின் பின்பாதி. அவராக ஒரு வார்த்தை இட்டுக்கட்ட மாட்டார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் இருந்தால் போதும், அந்த இடத்தில் தண்டவாளம் மாறிவிடுவார். யானை என்று தொடங்கினால் எந்த யானை என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. ‘அடி மேல் அடி வைத்தால்’ என்று ஆரம்பித்தால் நமக்கு அம்மி நகரும். அவருக்கு யானைக்குச் சறுக்கும்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வரும் முன்னால் நம் வீட்டு ஆட்கள்தான் கோவில்பட்டி போவதாகப் பேச்சு. அவர்களே முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள். சித்தப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, “கும்பிடப் போன தெய்வம் குழி பறிச்ச மாதிரி நீங்களே வந்துட்டிய” என்றார். கூடத்தில் காப்பி டம்ளர் வைக்கிற சத்தம் கூட நின்றுவிட்டது. குறுக்கே வர வேண்டிய தெய்வத்தை, கீழே தள்ளிக் குழியும் பறித்த குதிரையோடு கட்டிவிட்டார். என் மாமனார்தான் முதலில் சிரித்தார். என் மாமியார் பதினோரு வருஷமாக இதை மறக்கவில்லை. வீட்டில் சின்னச் சண்டை வந்தாலும், “உங்க சித்தப்பா அன்னைக்கே சொன்னாரே” என்பார்.

சரி, கடைக்கு வருகிறேன்.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கூட்டம். கேரளா நம்பர் வண்டிகள்தான் அதிகம். புனலூர், கொல்லம் பக்கத்துக் குடும்பங்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நிற்கிறார்கள். விலைப்பலகையில் தமிழுக்குக் கீழே மலையாளம். டோக்கன் எல்லாம் கிடையாது. சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிக்க வேண்டும். எனக்கு இது பிடிக்காது, அரை நட்சத்திரம் இங்கேயே போனது. என் வீட்டுக்காரர் ஒரு மேசையைக் கண் வைத்து நகர்ந்தார். சித்தப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பொறுங்க மாப்ளே. பந்திக்குப் பிந்து, படைக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாவ?”

மரியாதைக்காக என் வீட்டுக்காரரும் நின்றுவிட்டார். இருபத்தைந்து நிமிஷம். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போனார்கள். கடைசியில் இடம் கிடைத்தபோது நாட்டுக்கோழி பெப்பர் தீர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். நான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்த அயிட்டம் அதுதான். சித்தி ஒன்றும் பேசவில்லை. கல்யாணமான புதிதில் அவள் திருத்திப் பார்த்தாளாம். “நான் திருத்துனா, திருத்துனதோட இன்னொண்ணச் சேத்துக்கிடுவாவ” என்று விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் அவர் என்ன சொன்னாலும் அவளுக்கு முதல் தடவையே புரிகிறது.

பரிமாறுகிற பையனுக்கு இருபது வயது இருக்கும். பேச்சில் ஆரியங்காவு வாடை அடித்தது; தமிழ்தான், ஆனால் வாக்கியம் முடிகிற இடத்தில் கொஞ்சம் மலையாளம் நனைந்திருந்தது. அவன் போய் இரண்டு நிமிஷத்தில் ஓடி வந்தான். பக்கத்து மேசைக்காரர் கோழி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், ஒரே ஒரு பிளேட் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்றான். சித்தப்பா முகம் மலர்ந்தது.

“பாத்தியாட்டி, காக்கா உக்காந்து முயல் செத்த மாதிரி அமைஞ்சிட்டு!”

தமிழில் காக்கை உட்காரப் பனம்பழம் விழும். மலையாளத்தில் சக்கை, அதாவது பலாப்பழம், விழுந்து முயல் சாகும்: ‘சக்க வீணு முயல் சத்து’. இரண்டுமே தற்செயலைச் சொல்வதுதான். சித்தப்பா பழத்தை விட்டுவிட்டார். காக்கா உட்கார்ந்ததும் முயல் நேரடியாகச் செத்துவிட்டது.

பையன் குனிந்து, குரலைத் தாழ்த்தி, “முயலெல்லாம் நம்மகிட்ட இல்ல அண்ணாச்சி. ஃபாரஸ்ட்காரங்க பிடிச்சிருவாங்க. காடை இருக்கு, பண்ணைக் காடை. கொண்டு வரட்டா?” என்றான்.

சித்தப்பா தான் முயல் கேட்டதாகவே நினைக்கவில்லை. பையன் ஏன் ரகசியம் பேசுகிறான் என்றும் யோசிக்கவில்லை. “சரி, ரெண்டு கொண்டா” என்றார். நாங்கள் யாரும் காடை சாப்பிடலாம் என்று நினைத்து வரவில்லை. என் பையன் மட்டும் மேசைக்குக் கீழே பார்த்து, “அம்மா, முயல் எங்க செத்துது?” என்று கேட்டான்.

இப்போது புரோட்டா. எங்களுக்கு இடம் கிடைத்தது கல்லுக்கு நேர் எதிரே. மாஸ்டர் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஊறிய மைதா உருண்டையை எண்ணெய் தடவிய பலகையில் தட்டி, இரண்டு வீச்சு. மூன்றாவது வீச்சில் மாவு கைக்குட்டை மாதிரி விரிந்து அதற்குள் டியூப்லைட் வெளிச்சம் தெரிகிறது. விரித்ததைப் புடவைக் கொசுவம் போலச் சேர்த்து, நத்தை மாதிரி சுருட்டி, நுனியை அடியில் செருகி வைக்கிறார். மதுரைப் பக்கம் போடுகிற அளவில் பாதிதான் இருக்கும், உள்ளங்கை அகலம். கல்லில் எண்ணெய் தாராளமாக ஊற்றிப் பொரிக்கிற மாதிரியே வேக விடுகிறார். விளிம்பு பொன்னிறமாக ஆனதும் ஆறு புரோட்டாவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் ஓங்கி நாலு அடி. அந்தச் சூட்டில் அந்தக் கை எப்படித்தான் தாங்குகிறதோ. அடி விழுந்ததும் அடுக்கு அடுக்காகப் பூத்துக்கொள்கிறது. வாயில் போட்டால் மேல் அடுக்கு நொறுங்கும், நடு அடுக்கு மெத்தென்று இருக்கும். ஒன்று பதினைந்து ரூபாய். ஐந்து பேர் பதினெட்டு சாப்பிட்டோம். அதில் ஆறு என் வீட்டுக்காரர். இந்தப் புரோட்டாவுக்கு மட்டும் தனியாக மார்க் போட்டால் ஐந்துக்கு ஐந்தும் போடுவேன்.

வாழையிலையில் வைத்து, பிய்த்துப் போட்டு, சால்னாவைப் பையன் வாளியிலிருந்து அப்படியே கவிழ்க்கிறான். ‘கொஞ்சமா’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இலையில் குளம் கட்டிவிடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சிவப்பு எண்ணெய் மேலே மிதந்து பளபளவென்று மின்னியது. சித்தப்பா ஒரு வாய் வைத்தார். சாய்ந்து உட்கார்ந்தார்.

“மின்னுறதெல்லாம் பால் இல்ல.”

பொன்னும் பாலும் மாறிப் போனாலும் தீர்ப்பு சரி. சால்னாவில் பளபளப்பு இருந்தது, சாரம் இல்லை. சோம்பு வாசம் மட்டும் தூக்கல். எலும்பு கொதித்த ருசி, தேங்காய் அரைத்துவிட்ட கனம் இரண்டும் இல்லாமல் மிளகாய்த்தூள் தண்ணீராக ஓடியது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வெந்நீர் ஊற்றிப் பெருக்கியிருப்பார்கள் என்பது சித்தியின் கணக்கு. இரண்டாம் முறை கோழிக் குழம்பு கேட்டு வாங்கினோம், அது எவ்வளவோ தேவலை. போகிறவர்கள் நேரடியாக அதையே கேளுங்கள். காசு கூட வாங்கவில்லை.

பிறகு அந்த ஒரே பிளேட் நாட்டுக்கோழி வந்தது. ஐந்து பேர், எட்டுத் துண்டு. “யானைப் பசிக்கு அம்பழங்கா” என்றார் சித்தப்பா. நம் யானைக்குச் சோளப்பொரி, மலையாளத்து யானைக்கு வாயில் அம்பழங்கா என்கிற புளிப்பான சின்னக் காய். இந்த இடத்தில் இரண்டு யானையும் ஒரே அளவில் பட்டினி கிடப்பதால் எந்தச் சேதமும் இல்லை. கறி நல்ல கறி, எலும்போடு ஒட்டி இழுத்துத் தின்கிற நிஜ நாட்டுக்கோழி. மிளகைத் தூளாக்காமல் ஒன்றிரண்டாக இடித்துப் போட்டிருந்தார்கள், கறிவேப்பிலை மொறுமொறுவென்று இருந்தது. ஆனால் உப்பு! கடைசி பிளேட் என்பதால் சட்டியின் அடியில் வற்றியதை வழித்திருப்பார்கள் போல. என் பையன் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

சித்தப்பா பையனைக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் இல்லை, தன்மையாகத்தான் சொல்ல நினைத்தார்.

“தம்பி, உப்பிட்டவரைக் குப்பையில போடுன்னு ஒரு சொல்லு உண்டு. மாஸ்டர்ட்ட சொல்லு.”

பையன் நிஜமாகவே போய்ச் சொல்லிவிட்டான். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே, உப்பிட்டவரை உள்ளளவும் நினை, இந்த இரண்டையும் கட்டிச் செய்த சங்கதி சமையல்கட்டுக்கு ஒரு மிரட்டலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் வெளியே வந்து எங்கள் மேசையைப் பார்த்தார். சித்தப்பா அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவரும் கும்பிட்டார். உள்ளே போய் இரண்டு ஆம்லெட் கொடுத்தனுப்பினார். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டோம். இலவசம் இல்லை.

நாங்கள் கேட்காமல் வந்த காடைதான் அன்றைக்கு ராஜா. முழுக் காடையை நடுவில் பிளந்து, மசாலா பூசி, புரோட்டாக் கல்லிலேயே ஒரு ஓரத்தில் போட்டு, மேலே இன்னொரு இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வேக வைக்கிறார்கள். புரோட்டா விட்ட எண்ணெயும் காடை விட்ட கொழுப்பும் கலந்து தோல் முறுகிவிடுகிறது. தொடை எலும்பு குச்சி போல இருக்கிறது, கறுக் கறுக் என்று அதையும் மென்றுவிடலாம். மிளகு, சீரகம், கொஞ்சம் எலுமிச்சை. வேறு எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. உப்பு சரியாக இருந்தது. ஒன்று நூற்று இருபது ரூபாய், கொடுக்கலாம். என் வீட்டுக்காரர் விரலைச் சூப்பிக்கொண்டே, “காக்கா உட்கார்ந்தது நல்லதாப் போச்சு மாமா” என்றார். சித்தப்பாவுக்கு அவர் எந்தக் காக்காவைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சித்தி எலும்பைப் பார்த்தபடியே, “ஏன், நான் வைக்கிற கோழி இதுக்குக் கொறச்சலா?” என்று கேட்டாள். வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி உண்டு. பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். சித்தப்பா யோசித்துச் சொன்னார்: “முத்தத்து முல்லைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.”

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று மலையாளத்தில் சொல்வார்கள், வீட்டில் இருப்பதன் அருமை தெரியாது என்ற அர்த்தத்தில். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது நம்முடையது. முதல் பாதியில் சித்தி சமையலுக்கு மணமில்லை, இரண்டாம் பாதியில் அது பொன். ஒரு புருஷன் இதைவிடப் பத்திரமான பதிலைச் சொல்லிவிட முடியாது. சித்தி கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் இலையில் தன் பங்கு காடையில் ஒரு துண்டு வைத்தாள்.

பில்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். தொள்ளாயிரத்துப் பத்து. நான் பர்ஸைத் திறந்துவிட்டேன். சித்தப்பா சீட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை, எட்டி ஒரு பார்வைதான். “புரோட்டா பதினெட்டு, இருநூத்தி எழுபது. கோழி இருநூத்தி இருபது. காடை ரெண்டு, இருநூத்தி நாப்பது. ஆம்லெட் நாப்பது, தண்ணி இருபது. எழுநூத்தித் தொண்ணூறுல்லா வரணும்?” சீட்டைப் பிரித்துப் பார்த்தால் காடை மூன்று என்று இருந்தது. முப்பது வருஷம் மரத்தைக் கன அடியில் கணக்குப் போட்டவர். வார்த்தை எத்தனை தடவை தடம் மாறினாலும் எண்ணிக்கையில் ஒரு தடவை கூடப் பிசகி நான் பார்த்ததில்லை.

கல்லாவில் இருந்தவர் பதறிவிட்டார். பக்கத்து மேசைக் கணக்கு ஏறிவிட்டது, மன்னிச்சுக்கிடுங்க என்று இரண்டு முறை சொன்னார். சித்தப்பா அவர் தோளைத் தட்டி, “விடுங்க. அடி மேல அடி வச்சா யானைக்கும் சறுக்கும்” என்றார். கல்லாக்காரர் இதை ஒரு வினாடி யோசித்தார். சனிக்கிழமை ராத்திரி, மூன்று மணி நேரமாக நிற்காமல் பில் போடுகிற ஆள். “ஆமா அண்ணாச்சி, காலையில இருந்து ஒரே அடி” என்றார். அந்த ஊரில் அன்றைக்கு அவரை வேறு யாரும் புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. கை கழுவும் இடத்தில் குழாய் மூன்று, தண்ணீர் வந்தது ஒன்றில். சோப்பு இல்லை. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்று அம்புக்குறி போட்டிருக்கிறது, அம்புக்குறியைப் பின்பற்றிப் போனால் விறகுக் கட்டுதான் வருகிறது. வண்டி நிறுத்த இடம் உண்டு, ஆனால் மழையில் சேறு. செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கிய கொல்லத்து அம்மா ஒருவர்தான் அங்கே புத்திசாலி. ஜிபே வாங்குகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் கூடுதல், ஆனால் கேட்டால் ஜீனி தொட்டுக்கொள்ளக் கொடுக்கிறார்கள். என் பையன் நாலு புரோட்டாவில் இரண்டை அப்படித்தான் முடித்தான்.

புரோட்டாவுக்கும் காடைக்கும் மறுபடியும் போவேன். சால்னாவுக்கும் கழிப்பறைக்கும் சேர்த்து ஒன்றரை நட்சத்திரத்தைக் கழித்துவிட்டேன். முன்னால் வரிசைக்குக் கழித்த அரையைக் காடைக்காகத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

சனி, ஞாயிறு என்றால் ஆறரைக்கே போய்விடுங்கள். பந்திக்கு முந்துங்கள். உட்கார்ந்ததும் நாட்டுக்கோழி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் காடை சொல்லுங்கள். முயல் கிடையாது.